மனு எழுதிச் சலித்த ஊரில் திட்டம் போடுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களுக்கு மனு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தண்ணீர், ரோடு, பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று அப்பா கொடுத்த மனுவையே மகனும் கொண்டுவந்து கொடுப்பார். அப்படிச் சலித்துப்போன ஊரில்தான் நீங்கள் வேலை தொடங்கப் போகிறீர்கள். சமூகப்பணி படித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவராக இருக்கலாம், பெங்களூரு வேலையை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். எதை முதலில் செய்வது, யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும், செய்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஊர்க்காரர்களே பதில் சொல்லும்படி செய்ய வேண்டும். நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் கையில் இருப்பது இன்னொரு மனுதான்.

போவதற்கு முன்: காகிதங்கள்

ஊராட்சிக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் தயாரித்து இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் யாரும் பார்க்கலாம். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் திட்டங்களை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சிமெண்ட் சாலை, கழிவுநீர்க் கால்வாய், மோட்டார் பழுது என்று ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், ஊர் உட்கார்ந்து பேசாமல் மேசையில் நிரப்பியது என்று பெரும்பாலும் முடிவுக்கு வரலாம்.

அடுத்தது ஊராட்சி செயலரிடம் இருக்கும் தீர்மானப் புத்தகம். பழைய கிராமசபைகளில் என்ன பேசினார்கள், எது நிறைவேறியது, எது அப்படியே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலர்தான் நாளைக்கு உங்கள் திட்டத்தைக் கணினியில் ஏற்ற வேண்டியவர்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்தால் புறம்போக்கு, ஏரி, மேய்ச்சல் நிலம் எங்கே எவ்வளவு என்று தெரியும். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: எந்த மாதத்தில் பிள்ளைகள் வராமல் போகிறார்கள்? ஊர் எப்போது காலியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

முதல் நாள் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது

விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் முதலில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள், யார் வண்டியில் வந்து இறங்கினீர்கள் என்பதை ஊரே கவனிக்கும். ஊர்க்கவுண்டர் வீட்டிலேயே நாள் முழுக்க இருந்துவிட்டுச் சாயங்காலம் காலனிப் பக்கம் எட்டிப் பார்த்தால், அங்கே யாரும் உங்களிடம் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே ஊருக்குள்ளும் போங்கள், காலனிக்கும் போங்கள், தள்ளி இருக்கும் கொட்டாய்களுக்கும் போங்கள். இரண்டு பக்கமும் காபி வாங்கிக் குடியுங்கள். ஊராட்சித் தலைவர் இருந்தால் அவரிடம் வந்த காரியத்தைச் சொல்லுங்கள். தனி அலுவலர் நிர்வாகத்தில் இருக்கும் ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "சர்வே எடுக்க வந்தோம்" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சர்வே எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கும்.

இன்னொன்று, வாக்குறுதி. "உங்க மூலமா என்ன கிடைக்கும் சார்?" என்று நேராகக் கேட்பார்கள். பணம் எதுவும் கொண்டுவரவில்லை, இருக்கும் பணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பாதிப்பேர் எழுந்து போவார்கள். போகட்டும்.

நடந்து பாருங்கள், அப்புறம் தரையில் படம்

காலை வெயில் ஏறுவதற்குள் ஊர் எல்லையிலிருந்து எல்லை வரை நான்கைந்து பேரோடு நடங்கள். ஒரு வயதானவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஏரி வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த அளவு பொறியாளருக்குத் தெரியாது.

பிறகு பொது இடத்தில் தரையைப் பெருக்கி, கோலமாவும் செங்கல் பொடியும் கோடு போட ஒரு குச்சியும் கொடுத்து, ஊரை வரையச் சொல்லுங்கள். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று பயிற்சிகளில் சொல்வது இதைத்தான். குச்சி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் கையில் இருக்கக் கூடாது. படித்த இளைஞன் ஒருவன் பிடுங்கிக்கொண்டு கடகடவென்று வரைந்துவிடுவான், அதையும் நாசூக்காகத் தடுக்க வேண்டும். ஆண்கள் வரைந்தால் மெயின் ரோடும் மாரியம்மன் கோயிலும் முதலில் வரும். பெண்கள் தனியாக வரையட்டும். குழாய், போர், விறகு எடுக்கும் கரடு, ரேஷன் கடை, இருட்டிய பிறகு நடக்கப் பயமாக இருக்கும் பாதை என்று வேறோர் ஊர் வரும்.

வரைந்துகொண்டிருக்கும்போது ஓரமாக நின்ற பெரியம்மா ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து நகர்த்தி வைப்பார். "போர் போட்ட எடம் இது இல்ல தம்பி, மேட்டுல. அதுல தண்ணியே வரல. கணக்குல மட்டும் வருது." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் படமே. உடனே குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே அதைப் பஞ்சாயத்தாக்காதீர்கள். சொன்னவர் நாளைக்கும் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பழைய தலைவலி. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் அல்லது கடைசி வீடு வரை எட்டாத தெருவில் இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கிறார்களா என்று படத்தில் கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை ஊரில் பலர் நம்ப மாட்டார்கள். மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, வந்த அறிக்கையை டேங்க் ஓரத்துச் சுவரில் ஒட்டினால் நம்புவார்கள்.

பன்னிரண்டு மாதம், எந்த மாதம் யார் ஊரில்?

தரைப்படத்துக்குப் பக்கத்திலேயே சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். மழை, வேலை, கூலி, கடன், நோய், வெளியூர்ப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்தால், எந்த மாதம் அதிகமோ அங்கே கூடுதலாக வைப்பார்கள். மானாவாரி ராகி ஆடி, ஆவணியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் அறுப்பது. புளி உலுக்குவது மாசி, பங்குனி. மாங்காய் சித்திரையிலிருந்து. இவற்றுக்கு இடையே வேலையில்லாத மாதங்களில் பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஓசூர் ஆலைகளுக்கும் ஊர் கிளம்பிவிடும். வீட்டில் தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்.

இந்தப் படம் இல்லாமல் கூட்டத் தேதி குறித்தால், ஊரில் இல்லாதவர்களுக்காக ஊரில் இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள். முக்கியமான கூட்டங்களைப் பொங்கல், ஊர்த் திருவிழா, எருது விடும் நாள் ஆகியவற்றை ஒட்டி வையுங்கள், எல்லோரும் வந்திருப்பார்கள். திருவிழா அன்றைக்கே வைக்க வேண்டாம், மறுநாள். அதோடு நுண்கடன் கம்பெனிகள் தவணை வசூலிக்க வரும் கிழமையையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்று காலை பெண்கள் யாரும் கூட்டத்துக்கு வர முடியாது. எந்த வீட்டில் எத்தனை தவணை ஓடுகிறது என்பதைப் பொதுவில் கேட்கக் கூடாது, ஆனால் கடன் வரியில் எந்த மாதத்தில் கொட்டை குவிகிறது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

புளியங்கொட்டை ஓட்டு

இப்போது தேவைகளின் பட்டியல் நீண்டிருக்கும். முப்பது நாற்பது விஷயம் வரும். கையைத் தூக்கச் சொன்னால் ஊர்ப் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சொம்போ தேங்காய்த் தொட்டியோ வைத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி படம் வரைந்து ஒட்டுங்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. மறைப்புக்கு ஒரு சேலை கட்டிவிட்டால் போதும்.

பெண்கள், ஆண்கள், காலனி, தனிக் குடியிருப்புகள் என்று தனித்தனியாகப் போடச் சொல்லித் தனித்தனியாக எண்ணுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் எண்ணிக்கையில் பெரிய தெரு எப்போதும் ஜெயிக்கும். மொத்தத்தில் சமுதாயக்கூடம் முதலிடம் வந்திருக்கும். பெண்கள் கணக்கில் அது கடைசி, தண்ணீர் முதலிடம் என்றால், அந்த இரண்டு தாளையும் அருகருகே ஒட்டிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். மீதியை ஊர் பேசிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இந்தப் பேசாமல் இருப்பதுதான்.

குடிப்பழக்கம், சிறு வயதுத் திருமணம் போன்றவை சொம்புக்குள் வராது. அவற்றுக்குப் பெண்கள் குழுக்களோடு தனியே உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதே 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதில் சேர்ந்திருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. ஆகவே இந்த ஊர்களில் கணக்குப் பார்க்கவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த அக்காக்கள் இருப்பார்கள். இந்தக் குழுக்களின் கூட்டமைப்பும் வறுமை ஒழிப்புக்கென்று தனியே ஒரு திட்டம் தயாரிக்கிறது. அது ஊராட்சித் திட்டத்தில் சேர வேண்டும் என்பது விதி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று குவியல்

முதல் பத்துத் தேவைகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நாமே செய்துகொள்ளக் கூடியவை, ஊராட்சி செய்யக் கூடியவை, மேலே உள்ள துறை செய்ய வேண்டியவை. முதல் குவியலில் எதுவுமே இல்லை என்றால் ஊர் இன்னும் மனு மனநிலையில்தான் இருக்கிறது, ஒரு வாரம் பொறுத்து மறுபடி உட்காருங்கள். குழாயடியில் தேங்கும் தண்ணீரை வாழைக்குத் திருப்புவது, பள்ளி வேலியை அடைப்பது, டேங்க் கழுவும் தேதியை எழுதி வைப்பது, இப்படி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். அதில் ஒன்றை உடனே செய்து முடிக்கட்டும். சொன்னது நடந்தது என்று ஊர் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நீங்கள் அலைய வேண்டாம்.

பணம் எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசிடமிருந்து ஊராட்சிக்கு வரும் 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-லிருந்து 2026 வரையிலான காலத்துக்கு வைத்த விதிப்படி 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும், மீதி 40 ஊராட்சி விருப்பத்துக்கு. புதிய நிதிக்குழுக் காலத்துக்கான பங்கீட்டைச் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலையில் ஏரி, கால்வாய், பண்ணைக்குட்டை, வரப்பு, மரக்கன்று ஆகியவற்றை எடுக்கலாம். அதன் சட்டமும் விதிகளும் மாற்றத்துக்கு உள்ளாகி வருவதால் பழைய கையேட்டை நம்பாமல் ஒன்றிய அலுவலகத்தில் கேட்பது நல்லது. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் மாநில அரசுடையது, 2021-22-லிருந்து ஐந்து ஆண்டுகளில் எல்லா ஊராட்சிக்கும் முறை வைத்து வரும்படி போட்டது. உங்கள் ஊராட்சிக்கு எந்த ஆண்டு முறை வந்தது, திட்டம் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு நாமே திட்டத்தை நான் கொஞ்சம் தூக்கிச் சொல்வேன். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஊர்ப் பங்கு ஐந்தில் ஒன்றுதான். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தாலே பல வேலை முடிந்துவிடும். கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் குறை.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமமாக இருந்தால் ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி எதற்கும் "வனத்துறை விடாது" என்று பேச்சு முடிந்துவிடும். முடிய வேண்டியதில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய் முதலிய வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபைப் பரிந்துரையின் பேரில் கொடுக்க வழி இருக்கிறது. தீர்மானத்தில் இந்தப் பிரிவு எண்ணைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

வருமானம்: ஒரு பொருளை எடுத்து முழுக்கப் பாருங்கள்

ரோடும் தண்ணீரும் வந்தாலும் வேலை இல்லையென்றால் ஊர் காலியாகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் "தொழில் வளர்ச்சி" என்று பொதுவாகப் பேசினால் தையல் மெஷினிலும் ஊறுகாயிலும் போய் நிற்கும். அதற்குப் பதிலாக ஊரில் கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புளி என்று வைத்துக்கொள்வோம். மரம் யாருடையது, ஏலம் எடுப்பது யார், உலுக்கக் கூலி எவ்வளவு, ஓடு உடைத்துக் கொட்டை எடுக்க வீட்டுத் திண்ணையில் உட்காரும் பெண்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு, வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார், சித்திரையில் விற்பதற்கும் ஐப்பசி வரை வைத்து விற்பதற்கும் விலையில் வித்தியாசம் என்ன, வைத்திருக்க யாரால் முடிகிறது? இந்தக் கேள்விகளை வரிசையாக எழுதி எதிரே ரூபாயைப் போட்டால், எந்த இடத்தில் பணம் ஊரைவிட்டு வெளியே போகிறது என்று ஊர்க்காரர்களுக்கே தெரியும். பெரும்பாலும் விடை, விற்காமல் சில மாதம் தாங்கக் கையில் காசு இல்லை, காற்றுப் புகாமல் வைக்க இடம் இல்லை என்பதாக இருக்கும். அப்போது கேட்க வேண்டியது குழுவுக்கு வங்கிக் கடனும் ஒரு கிடங்கும். தையல் மெஷின் வேண்டியதில்லை.

மாங்காயில் பெங்களூரா ரகத்துக்கு மாங்கூழ் ஆலைகள் வைக்கும் விலை, ராகியில் அரசு நேரடிக் கொள்முதல் நிலையம், பட்டுக்கூட்டில் அங்காடி ஏலம் என்று ஒவ்வொன்றையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். தருமபுரியில் 2023-லிருந்து ரேஷனில் ராகியும் கொடுக்கிறார்கள், அதனால் சிறு விவசாயிக்குக் கொள்முதல் நிலையம் எட்டுகிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

அரூர் தாண்டி சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அடுத்து என்ன என்று மக்களையே கேட்டபோது விவசாயம்தான் முதலில் வந்தது. இயற்கை விவசாயிகள் சங்கம் அப்படித்தான் பிறந்தது. மறந்துபோய்க்கொண்டிருந்த லம்பாடிச் சமூகத்துத் தையல் வேலையைப் பெண்கள் பிழைப்பாக மாற்றியதும் அதே பள்ளத்தாக்கில்தான். எத்தனை ஆண்டு பிடித்தது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். உங்கள் நிறுவனத்தின் புராஜெக்ட் காலம் மூன்று ஆண்டு என்றால், மூன்று ஆண்டில் என்ன முடியும் என்று ஊரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

எழுதுவதும் கிராமசபையும்

ஒரு வேலைக்கு ஒரு பக்கம். இடம், சர்வே எண், யாருக்குப் பயன், தோராயச் செலவு, எந்தத் திட்ட நிதி, ஊரின் பங்கு, பராமரிப்பது யார். தோராயச் செலவுக்கு ஒன்றிய ஓவர்சியரை முன்கூட்டியே இடத்துக்கு அழைத்து வந்து காட்டுங்கள். எஸ்டிமேட் இல்லாத தீர்மானம் ஒன்றியத்தில் அப்படியே கிடக்கும். தமிழில், ஊரார் படிக்கும் தமிழில் எழுதுங்கள்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2-ல் சூடுபிடிக்கும், ஆகவே தரைப்படம், கொட்டை ஓட்டு எல்லாம் ஆவணிக்குள் முடிந்திருக்க வேண்டும். குறைவெண் வரம்பை, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, மறக்காதீர்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வழிபாட்டுத் தலத்தில் நடத்தக் கூடாது. காலனி மக்கள் தயங்காமல் வரக்கூடிய இடமா என்பதை நீங்கள் தனியாகப் பாருங்கள். பள்ளி வளாகம் பெரும்பாலும் ஒத்துவரும்.

கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம். ஒவ்வொரு வேலையையும் அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் எழுந்து சொல்லட்டும். அந்த அக்காவுக்கு மைக் பிடிக்கக் கை நடுங்கினால் முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து இரண்டு முறை சொல்லிப் பார்க்கலாம். தீர்மானம் எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால், "படிச்சுட்டுப் போடுறோம் சார்" என்று பத்துப் பேர் அமைதியாகச் சொன்னால் போதும், சண்டை தேவையில்லை. முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு

தீர்மானம் ஆனதும் ஐந்து ஆறு பேர் கொண்ட ஒரு குழு வேண்டும், அதில் பாதிக்கு மேல் பெண்கள். மாதம் ஒருமுறை ஒன்றிய அலுவலகம் போய் எந்த வேலை எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டு வருவது அவர்கள் வேலை. முதல் இரண்டு முறை நீங்கள் கூடப் போகலாம், மூன்றாவது முறை போகாதீர்கள். வேலை தொடங்கும்போது ஒப்பந்ததாரர் பெயர், தொகை, தொடங்கிய நாள் எழுதிய பலகை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் நாளில் குழுவில் ஒருவர் அங்கே நிற்கட்டும். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட்டில் எத்தனை அங்குலம் என்று தெரிந்து, கையில் ஒரு டேப் இருந்தால் போதும்.

அடுத்த கிராமசபையில் முதல் பொருளாக, போன முறை போட்ட தீர்மானங்கள் என்னவாயின என்று வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடக்காத வேலைக்குக் காரணம் கேட்டு அதையும் புத்தகத்தில் எழுத வையுங்கள். காலனிப் பட்டியலில் முதலில் இருந்த வேலை நடக்காமல் ஊர்ப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது முடிந்திருந்தால், அன்றைக்குப் பேச வேண்டியது அதுதான்.